கால் வழுக்கிய ஒன்பது பேர்

“புஸ்தகத்த இப்பம் நீ எடுக்கியா, நான் எடுக்கட்டா?”

“அக்கா, அந்த அலமாரியில கைய வைக்காத…”

“வச்சா என்ன, கை ஒட்டிக்கிடுமா?”

“அது சபைக்க புஸ்தகம். எனக்குள்ளதும் இல்ல, ஒனக்குள்ளதும்…”

“ஒனக்குள்ளது இல்லேண்ணா சாவிய என்னத்துக்கு அரைஞாண்ல கட்டிட்டு நடக்கிய?”

“செத்தவங்க பேரு எழுதின புஸ்தகம். ஊரு பாக்கதுக்கு உள்ளது இல்ல.”

“ஊரா? நான் ஊராலே?”

ராஜையன் சார் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நேசபாய் அவரைவிட நாலு வயது மூத்தவள். மிஷன் ஆசுபத்திரியில் பேறுகாலம் பார்க்கப் படித்தவள். தக்கலைக்கு மேற்கே இருந்த புன்னைக்காவிளையில் முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேர் அவள் கையில் வந்து விழுந்தவர்கள்தான். தம்பி அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று சபைக்கு இருந்த மூன்று ரிஜிஸ்தர்களையும் அவர்தான் எழுதி வந்தார். இப்போது சண்டை மூன்றாவது ரிஜிஸ்தருக்காக.

“ஏலே, சுகாதார இன்ஸ்பெக்டர் என்ன கேட்டுட்டுப் போனாரு? கிணத்தில இதுவரை எத்தற பேரு விழுந்து செத்தாவ, எந்த மாசம், எப்பிடி. அம்புடுதான? ஒரு தாள்ல எழுதி ஒனக்க கையெழுத்தப் போட்டுக் குடு. ஆபத்துள்ள கிணறுக்கெல்லாம் சர்க்காரு முதல்ல சுவரு கெட்டும்ணு சொன்னாருல்லா.”

“எழுதிக் குடுக்கலாம். என்னண்ணு எழுத?”

“புஸ்தகத்தில என்ன இருக்கோ அத.”

“‘தண்ணீர் கோரும்போது கால் வழுக்கி விழுந்து’. ஒம்பது மட்டம். பொய்ய எழுதி சர்க்காருக்குக் குடுக்கச் சொல்லுகியா?”

“தேவனுக்க புஸ்தகத்தில ஒம்பது மட்டம் எழுதினியே, அப்பம் கை வலிக்கல்லியா? தேவனுக்கு எழுதிக் குடுத்தது சர்க்காருக்கு ஆவாதோ?”

ராஜையன் சார் சாவியை மறுபடியும் அரைஞாணில் முடிந்தார். தானாக உயிரை விட்டவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே வைக்கிற வழக்கம் அந்தச் சபையில் கிடையாது. வேலிக்கு வெளியே, கைதைப் புதருக்குப் பக்கத்தில்தான் குழி. ஜெபமும் இல்லை, மணியும் அடிக்கமாட்டார்கள். அதனால் வீட்டுக்காரர்கள் வந்து, “சார், தண்ணி கோரப் போனா, வழுக்கிட்டு” என்று கண்ணைப் பார்க்காமல் சொல்வார்கள். சாரும் அவர்கள் கண்ணைப் பார்க்காமல் எழுதிக்கொள்வார். அப்புறம் மணி அடிக்கும். பதினோரு வருஷமாக இதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. அக்காவும் தம்பியும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். சத்தம் மறுபடியும் தொடங்கியபிறகு நேசபாய் குரலைத் தாழ்த்தினாள்.

“அவளுக்காகத்தான் சொல்லுகேன், கேட்டியா. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஒத்தைக்குக் குடத்த எடுத்துட்டுப் போறா. வீட்டில ரெண்டு குடம் நெறஞ்சு இருக்கும். அப்பளும் போறா.”

“தெரியும்.”

“தெரிஞ்சுட்டா நிக்கிய?”

“நான் பள்ளிக்கூடத்து ஜன்னல்ல நிண்ணு பாத்துட்டுதான் இருக்கேன். அவ திரும்பி வாறது வரைக்கும் பிள்ளையளுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு. ரெண்டு வாரமா வேற பாடம் நடத்தல்ல. மூணாங் கிளாஸ்ல உள்ளதுவ கூட ஒறக்கத்தில சொல்லுது.”

அடுக்களையில் இருந்தது லீலாபாய், சாருக்கு மருமகள். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. முதல் பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டது. அது போய் நாலு மாதம் கழிந்திருந்தது. புருஷன் செல்வதாஸ் பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் எஸ்டேட்டில் எழுத்துவேலை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வருவான். வீட்டில் மாமனாரும் அவளும்தான். அடுத்த வளவில் நேசபாய்.

“அப்பம் தாளை எழுது.”

“அக்கா, முதல் பேரு ஆரு, ஓர்ம இருக்கா ஒனக்கு?”

“இருக்கு. எலிசா.”

“அத எழுதின கை இது. அவள அடக்கி வச்ச அண்ணைக்கு, இதே மேசையில இருந்து எழுதினேன். இன்னொரு மட்டம் எழுதச் சொல்லாத.”

எலிசா அவருடைய மனைவி. நேசபாய் அலமாரியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அடுக்களைப் பக்கம் பார்த்து, “நான் அவகிட்ட போய் நேராக் கேக்கப்போறேன்” என்றாள்.

“என்னண்ணு?”

“என்னண்ணு கேக்கணுமோ அத.”

“கேக்கப்பிடாது. இல்லாத்த நெனப்ப நாமளே உண்டாக்கின மாதிரி ஆயிடும்.”

“எலிசாகிட்ட நாம கேக்கல்லியே. நெனப்பு இல்லாமலா இருந்தது?”

லீலாபாய் கிணற்றுக்குப் போகிற நேரத்துக்கு இன்னும் ஒரு மணிக்கூறு இருந்தது. அடுக்களை முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கைக் குவித்து வைத்துத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். நேசபாய் ஒரு பலகையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து தானும் ஒரு கத்தியை எடுத்தாள்.

“மக்ளே, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளுங்க பெரிய மாமி.”

“சாவணும்ணு தோணுதா ஒனக்கு?”

லீலாபாயின் கத்தி பாதித் தோலோடு நின்றது.

“இப்பிடியா கேப்பாவ?”

“பின்ன எப்பிடிக் கேக்க? நான் மருத்துவச்சி. வலி இருக்கா, இல்லியா, எங்க இருக்குண்ணுதான் கேட்டுப் பழக்கம்.”

“ஆரும் கேக்கல்ல மாமி. சாப்பிட்டியா, குளிச்சியா, ஜெபம் பண்ணினியாண்ணு கேட்டாவ. அடுத்தது எப்பம்ணு கேட்டாவ. இத ஆரும் கேக்கல்ல.”

“நான் கேக்கேன்.”

“தோணும்.”

“எப்பளுமா?”

“இல்ல. மத்தியானம். அந்த நேரத்தில்தான் அவன் பாலுக்கு அழுவான். அப்பம் ஒரு வெப்ராளம் வரும் பாத்துக்கிடுங்க, வீட்டுக்குள்ள நிக்க ஒக்காது. கிணத்தடியில போய்ச் செத்த நேரம் நிப்பேன். பைய அடங்கும்.”

“அடங்காத்த ஒரு நாளு வந்தா?”

லீலாபாய் கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அதாக்கும் பயம்” என்றாள்.

“பயம் இருக்கட்டு. நல்ல காரியந்தான் அது.”

“நீங்க என்ன வையமாட்டியளா?”

“எதுக்கு வைய? வெப்ராளம் வந்தவள ஆராவது வைவாவளா? ஆனா ஒண்ணு. அந்த நேரத்துக்கு நீ ஒத்தைக்குப் போவாண்டாம். நான் வாறேன். பேறுகாலம் வந்து என்னக் கூட்டிட்டுப் போனா, முத்துக்கனி வரட்டு. அவகிட்ட சொல்லட்டா?”

“அவளா? ஊரு முழுக்க…”

“வாயாடி. ஆனா நெஞ்சு கெட்டவ இல்ல. நீ சொல்லாண்டாம்ணா சொல்லல்ல.”

லீலாபாய் அடுத்த கிழங்கை எடுத்து உரித்து முடித்தபிறகுதான் பேசினாள். “அவளுக்கு மட்டும் சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க. எனக்கு வாயில வராது.”

அன்றைக்குக் கிணற்றுக்கு நேசபாயே கூடப் போனாள். மறுநாள் அவளைத் திருவட்டாற்றுக்கு ஒரு பேறுகாலத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு முத்துக்கனி இடுப்பில் குடத்தோடு வேலிப் படலைத் திறந்துகொண்டு வந்தாள். அய்யாவழிக்காரர் வீட்டு மருமகள்; லீலாபாயைவிட ஏழெட்டு வயது மூப்பு; குள்ளம்.

“ஏட்டி லீலா, பெரியம்ம எல்லாம் சொன்னாவ. நீ அதப் பத்திப் பேசணும்ணா பேசு, நான் கேக்கேன். பேசாண்டாம்ணா நான் எனக்க மாமியாரப் பத்திப் பேசுகேன். அதுக்கு இந்த மாசம் முழுக்கக் காணும்.”

“ஒங்க மாமியாரு என்ன செய்தாவ?”

“என்ன செய்யல்லண்ணு கேளு.”

கிணற்றடியில் இரண்டு குடம் நிறைய ஒரு மணிக்கூறு ஆயிற்று. நடுவில் ஒரு தடவை லீலாபாய் பேசாமல் நின்று அழுதாள். முத்துக்கனி மாமியாரை அப்படியே நிறுத்திவிட்டு, அழுது முடியும் வரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, “எங்க விட்டேன்?” என்று கேட்டாள். “மோர்ப் பானையில” என்றாள் லீலாபாய், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

பள்ளிக்கூடத்து ஜன்னலில் ராஜையன் சார் இரண்டு தலைகளைப் பார்த்தார். ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணிக்கொண்டார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, “சரி, பதினேழாம் வாய்ப்பாடு எடுங்க” என்றார்.

இன்ஸ்பெக்டர் கோலப்பன் பிள்ளை அடுத்த புதன்கிழமை தக்கலையிலிருந்து சைக்கிளில் வந்தார். காக்கி அரைக்கால்சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஒரு தடித்த நோட்டு. ராஜையன் சார் தாளை எழுதி வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் கிணற்றடியில் நின்றே அதை வாசித்தார். பழைய பெரிய கிணறு. சுற்றிலும் கருங்கல் பாவிய தளம். விளிம்பில் கணுக்கால் உயரத்துக்கு ஒரு வரிக் கல், அவ்வளவுதான்.

“எட்டுப் பேரு” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஒம்பது” என்றாள் நேசபாய்.

“எட்டு” என்றார் ராஜையன் சார்.

“ஒம்பதுலே.”

“நீங்க ரெண்டுபேரும் ஒரு தீருமானத்துக்கு வாங்க” என்றார் இன்ஸ்பெக்டர். செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் கல்லை அங்கங்கே தேய்த்துப் பார்த்தார். “சொரசொரண்ணுல்லா இருக்கு. எங்க வாத்தியாரே வழுக்கும்?”

“மழைக்காலத்தில பாசி பிடிக்கும் சார்.”

“இதில அஞ்சு பேரு பங்குனி, சித்திரையில விழுந்திருக்காவ. அப்பம் ஏது பாசி?”

தண்ணீர் கோரிக்கொண்டிருந்த பெண்களின் கயிறுகள் நின்றன. லீலாபாயும் முத்துக்கனியும் அங்கேதான் இருந்தார்கள். ராஜையன் சார் தாளை இன்ஸ்பெக்டர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். மடித்தார். மறுபடியும் விரித்தார்.

“சார், இந்த எட்டுப் பேருக்கு அவங்கவங்க வீட்டில சொன்னத எழுதினேன். எனக்குத் தெரியாதுண்ணு சொன்னா அது பொய்யி. ஆனா நான் பாத்ததில்ல. ஒம்பதாவது எனக்க வீடு. எனக்க பெஞ்சாதி. அவ வழுக்கல்ல. பதினோரு வருசமா வழுக்கினாண்ணு சொல்லிட்டு நடக்கேன், எனக்க மவன்கிட்டயும் அப்பிடித்தான் சொல்லியிருக்கேன். இன்னொரு மட்டம் எழுதக் கை வரல்ல. அதாக்கும் எட்டு.”

லீலாபாய் குடத்தைத் தரையில் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிவிட்டார். “அவங்க பேரு?” என்று கேட்டார்.

“எலிசா.”

“வயசு?”

“முப்பத்தொண்ணு.”

“வாத்தியாரே, நான் இந்தத் தாலூக்கில இருவத்திமூணு ரிஜிஸ்தர் பாத்தாச்சு. ரிஜிஸ்தர்படி இங்க ஒருத்தரும் தானாச் செத்ததில்ல. உங்க ஆளுகள்ல வழுக்கும். மேக்க வயித்துவலிண்ணு எழுதுவாவ. எங்க ஆளுகள்ல வாந்திபேதி. எங்க அண்ணனுக்கு வாந்திபேதிண்ணுதான் எழுதினோம். அந்த வருசம் தாலூக்கில ஒரு வாந்திபேதி கூடக் கெடையாது. அவனுக்கு மட்டும் வந்தது.” அவர் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். “எந்தத் தீனத்தையும் எண்ணினாத்தான எங்க கூடுது, எதுல கொறையுதுண்ணு தெரியும்? அம்மைய எண்ணுகோம். கொக்கிப்புழுவ எண்ணுகோம். இத மட்டும் எண்ண விடமாட்டோம்.”

“அப்பம் சுவரு?” என்றாள் நேசபாய்.

“வரும். ஒண்ணு செய்யும் வாத்தியாரே. ‘இந்தக் கிணற்றில் விழுந்து இறந்தவர்கள்’ண்ணு தலைப்பு வச்சு, பேரும் தேதியும் மட்டும் எழுதும். வழுக்கினதும் வழுக்காததும் எழுதாண்டாம். அது பொய்யில்லியே?”

ராஜையன் சார் யோசித்தார். வாத்தியார் அல்லவா; ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்தார்.

“பொய்யில்ல” என்றார்.

“அப்பம் ஒம்பதையும் எழுதும். ஒம்பது பேரு விழுந்த கிணறு எங்க ஆபீசில எல்லாத்துக்கும் மேல நிக்கும். வழுக்கி விழுந்தவளுக்கும் சுவரு வேணும், மத்தவளுக்கும் வேணும். சுவருக்கு ஆளு தெரியாது.”

“ஒரு சுவரு இருந்தா மனசு மாறுமா சார்?” கேட்டது முத்துக்கனி. நக்கல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

“மனச மாத்தாது. செத்த நேரம் பிடிச்சு நிறுத்தும். அந்தச் செத்த நேரத்தில நீ மாமியாருக்க கதையோட வந்திருவல்லா?”

பெண்கள் சிரித்தார்கள். முத்துக்கனி, “எனக்க மாமியாரு தக்கலை வரைக்கும் போயாச்சா?” என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது லீலாபாய் குடத்தோடு மாமனாருக்கு இரண்டடி பின்னால் வந்தாள். புளியமரம் தாண்டியதும் கேட்டாள்.

“மாமா, அத்தைகிட்ட ஆராவது கேட்டாவளா?”

“கேக்கல்ல மக்ளே. நானும் கேக்கல்ல. கேட்டா கூடிப்போவும்ணு நெனச்சேன்.”

“எங்கிட்ட பெரிய மாமி கேட்டாவ.”

“அவ கேப்பா. அவளுக்குக் கூச்சமே கெடையாது.”

“கேட்டதுல ஒண்ணும் கூடல்ல மாமா. கொறஞ்சதுதான்.”

மறுநாள் காலையில் ராஜையன் சார் கட்டஞ்சாயாவை வாங்கிக்கொண்டு, தம்ளரைப் பார்த்தபடியே, “இண்ணைக்கு எப்பிடி மக்ளே?” என்றார்.

“இண்ணைக்குப் பரவால்ல மாமா.”

அதற்கடுத்த நாளும் கேட்டார். ஒருநாள் அவள், “இண்ணைக்குக் கொள்ளாது மாமா” என்றாள். சார் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு விட்டுவிட்டு வந்து, ஒரு பலாச்சக்கையைத் தரையில் வைத்தார்; இரண்டுபேருமாகச் சாயங்காலம் வரை சுளை எடுத்தார்கள். எண்ணெய் தடவாமல் கத்தியை எடுத்துவிட்டார். சக்கைப்பால் விரலிலிருந்து போக இரண்டு நாள் ஆயிற்று. அதைச் சொல்லி நேசபாய் ஊர் முழுக்கச் சிரித்தாள். அந்த மாதம் சனிக்கிழமை வந்த செல்வதாஸிடம், அப்பனும் மகனுமாகத் தனியாக நடந்து போய், பதினோரு வருஷத்துக் காரியத்தைச் சார் சொன்னார். திரும்பி வரும்போது இரண்டுபேர் கண்ணும் சிவந்திருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் மகன் அப்பனுக்கு மீன் துண்டை எடுத்து வைத்தான். பிறகு அவன் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை வரத் தொடங்கினான்.

ஆவணி பிறந்ததும் சர்க்கார் சிமிண்டு வந்தது. தங்கையன் கொத்தனார் கிணற்றைச் சுற்றி நூல் கட்டினார். சுவர் ஒரு முழம் எழும்புவதற்குள் ஊரில் உள்ள அத்தனை பெண்களுக்கும் அதைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருந்தது.

“இம்புட்டு ஒசரம் வச்சா வாளிய எப்பிடித் தூக்க? நடு ஒடிஞ்சு போவும்.”

“கப்பி போடுகேன் பிள்ள. கப்பியில இழுத்தா நடு ஒடியாது” என்றார் கொத்தனார்.

“கப்பி எத்தற?”

“ஒண்ணு.”

“ஒண்ணு போராது” என்றது லீலாபாய். எல்லோரும் திரும்பினார்கள். அவள் கூட்டத்தில் வாய் திறந்து பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. “எதிரும் புதிருமா ரெண்டு போடும். ஒருத்தி கோரும்போ எதிர்ப்பக்கம் இன்னொருத்தி நிக்கட்டு. மூஞ்சி பாத்துப் பேசலாம்.”

“பேசதுக்குக் கிணறு வெட்டினாவளா, தண்ணிக்கு வெட்டினாவளா?”

“ரெண்டுக்குந்தான்” என்றாள் முத்துக்கனி. “நீரு ரெண்டு கப்பி போடும் கொத்தனாரே.”

கொத்தனார் இரண்டு கப்பிக்குத் தூண் நிறுத்தினார். சுவர் முடிந்ததும் கிணற்று வாய்க்கு மேலே இரும்புக் கம்பி வலை வரும். வாளி போய்வர மட்டும் இரண்டு பக்கமும் இடைவெளி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுவர் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. கொத்தனார் கரண்டியைக் கழுவப் போனார்.

“போரும்” என்றார் அவர்.

“எனக்குப் போரும்” என்றாள் முத்துக்கனி, சுவரோடு ஒட்டி நின்று பார்த்து. “எனக்குத் தாடை இடிக்குது. இதுக்கு மேல வச்சா ஏணி போட்டுத்தான் தண்ணி கோரணும்.”

“ஒனக்கு எதுதான் இடிக்காது, ஏட்டி” என்றாள் நேசபாய்.

ராஜையன் சார் பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கி வந்து நின்றார். கையால் சுவரைத் தட்டிப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தாள், அவர் கிணற்றைப் பார்த்தார். வெயில் தாழ்ந்து, புதுச் சிமிண்டின் ஈர வாசனை அடித்தது. யாரோ கொத்தனாருக்குச் சாயா கொண்டுவந்தார்கள்.

லீலாபாய் முந்தானையைச் செருகிக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் வந்தாள். முத்துக்கனியைவிட ஒரு சாண் உயரம் அவள். சுவரில் நெஞ்சை வைத்து நின்றாள். இரண்டு முழங்கையையும் மேலே ஊன்றிப் பார்த்தாள். குதிகாலைத் தூக்கி ஒருதரம் எட்டினாள். பிறகு இறங்கி நின்று, கையில் ஒட்டிய சிமிண்டைத் தட்டினாள்.

“கொத்தனாரே, எனக்கு இன்னும் எட்டுது. ஒரு வரி கூட வையும்.”